கேளுங்க, சொல்றேன்: எக்ஸெல் ஷீட்டுக்குள்ள நியூஸ் எங்க ஒளிஞ்சிருக்கு?

டேட்டால இருந்து நியூஸ் எடுத்து பிரஸ்ஸுக்கு குடுக்குறது எப்படின்னு பி.ஆர்., அதாவது மக்கள் தொடர்பு வேலைல இருக்கவங்க கிட்டருந்து நிறைய கேள்வி வந்திருக்கு, அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுதான். பேர் போட வேணாம்னு பாதி பேர் கேட்டுக்கிட்டதால யார் பேரும் போடல.

கேள்வி: கிளையன்ட் ஒரு பார்சல் டெலிவரி கம்பெனி. ஒரு வருஷ டெலிவரி ரெக்கார்டு மொத்தத்தையும் எக்ஸெல்லா தூக்கி அனுப்பிட்டு "இதுல நிறைய ஸ்டோரி இருக்கு, பாத்து எடுங்க"ன்னு மெயில் போட்டுட்டாங்க. எக்ஸெல்ல டேட்டாவ தொகுத்துக் காட்டற பிவோட் டேபிளா போட்டுத் தள்ளுறேன், வர்றதெல்லாம் "திங்கக்கிழமை ஆர்டர் அதிகம்" ரகம்தான். எங்கருந்து சார் ஆரம்பிக்கணும்?

முதல்ல அந்த ஷீட்ட மூடி வைங்கம்மா. நிஜமாத்தான் சொல்றேன். ஒரு பேப்பர எடுத்து, டெலிவரி பத்தி ஜனங்க என்னெல்லாம் நம்பிட்டிருக்காங்கன்னு ஒரு பத்து வரி எழுதுங்க. மழை பெஞ்சா லேட்டாகும், கண்ணாடி சாமான்தான் அதிகமா உடையும், வேலை நாள்ல வீடு பூட்டியிருக்கும், சனி ஞாயிறுன்னா ஆள் இருப்பாங்க, இப்படி. எழுதி முடிச்சப்புறம் ஷீட்ட திறந்து ஒவ்வொரு வரிக்கும் நம்பர் என்ன சொல்லுதுன்னு பாருங்க. நம்பிக்கையும் நம்பரும் ஒத்துப்போச்சுன்னா அந்த வரிய அடிச்சிடுங்க, அது நியூஸ் இல்ல. ரெண்டும் எங்க முட்டிக்குதோ அங்க உக்காருங்க. நீங்க நேரா பிவோட் டேபிளுக்குள்ள குதிச்சதாலதான் எது ஆச்சரியம் எது ஆச்சரியம் இல்லன்னு அளக்க உங்க கைல அளவுகோலே இல்லாம போச்சு.

இது என் சொந்த சரக்கு இல்ல. 1965-லயே கால்டுங், ரூகேன்னு நார்வே ஆராய்ச்சியாளர்கள் ரெண்டு பேர், வெளிநாட்டு சம்பவங்கள்ல எது பத்திரிகைல இடம் பிடிக்குதுன்னு ஆராய்ஞ்சு ஒரு பட்டியல் போட்டாங்க, அதுல எதிர்பாராத தன்மைங்கறது முக்கியமான ஒண்ணு. எந்த நியூஸ் டெஸ்க்கும் அதத்தான் தேடும், உங்க கிளையன்ட் எத்தன கோடி பார்சல் டெலிவரி பண்ணாங்கங்கறது அந்த டெஸ்க்குக்கு தேவையே இல்ல.

சும்மா உதாரணத்துக்கு, நம்பர் எதுவும் நிஜம் இல்ல, இப்படி வெச்சுக்குங்க: டெலிவரி ஆகாம திரும்பின பார்சல்கள எடுத்து காரணம் வாரியா பிரிக்கிறீங்க, "வீடு பூட்டியிருந்தது"ங்கற காரணம் செவ்வா புதன்ல இல்ல, சனிக்கிழமை காலைலதான் உச்சத்துல நிக்குது. ஆளுங்க வீட்ல இருப்பாங்கன்னு நினைச்ச நாள்லதான் கதவு பூட்டியிருக்கு! உடம்பு சிலிர்க்கும், ஹெட்லைன் தானா எழுதிக்கும். அப்பத்தான் கைய கட்டிக்கிட்டு அந்த ஸ்டோரிய கொல்லப் பாக்கணும். கொன்னும் சாகலன்னாதான் அது ஸ்டோரி.

எப்படி கொல்றது? முதல்ல எண்ணிக்கையா விகிதமான்னு பாருங்க, சனிக்கிழமை மொத்த டெலிவரியே அதிகம்னா பூட்டின வீடும் அதிகமாத்தான் இருக்கும், நூறு டெலிவரிக்கு எத்தனைன்னு கணக்கு போட்டா பாதி ஸ்டோரி அங்கயே செத்துடும். அடுத்து, அந்த ரெக்கார்டு எப்படி பொறந்துச்சுன்னு பாருங்க, இதுதான் எல்லாரும் கோட்டை விடுற இடம். டெலிவரி பையன் போன்ல காரணம் தேர்ந்தெடுக்கற ட்ராப்டவுன் லிஸ்ட்ல முதல் ஆப்ஷன் என்ன? "வீடு பூட்டியிருந்தது"தான் முதல்லன்னா, அவசரத்துல கைல பட்டதெல்லாம் அதுதான், சனிக்கிழமை லோடு அதிகம்னா அவசரமும் அதிகம், அப்ப நீங்க கண்டுபிடிச்சது ஜனங்களோட பழக்கம் இல்ல, ஒரு ஸ்க்ரீனோட டிசைன். அதனால கிளையன்ட்டோட மார்க்கெட்டிங் மேனேஜர்கிட்ட பேசினது போதும், ஆபரேஷன்ஸ்ல இருக்க ஒருத்தர போன்ல புடிச்சு "இந்த காலத்த (ஷீட்டோட நெடுவரிசைய) யாரு, எப்ப, எதுல நிரப்புறாங்க"ன்னு கேளுங்க. பத்து நிமிஷ போன் பத்து நாள் வேலைய காப்பாத்தும். பிறந்த தேதி காலம் இருக்க நிறைய ஷீட்ல ஜனவரி 1 அன்னிக்கு பொறந்தவங்க கூட்டம் கூட்டமா இருப்பாங்க பாருங்க, அதுவும் இதே வியாதிதான், ஃபார்ம்ல தேதிய மாத்த சோம்பேறித்தனம்.

மூணாவதா, பிரிச்சுப் பாருங்க. ஊர் ஊரா, வீடு ஆபீஸ்னு, பழைய கஸ்டமர் புது கஸ்டமர்னு. மொத்தமா பாத்தா ஒண்ணு தெரியும், பிரிச்சா தலைகீழா நிக்கும். பெர்க்லியில இருக்க கலிஃபோர்னியா யுனிவர்சிட்டில 1973 அட்மிஷன் கணக்கு இதுக்கு பேர்போன கேஸ்: மேற்படிப்புக்கு அப்ளை பண்ண ஆண்கள்ல 44% பேருக்கு சீட், பெண்கள்ல 35% பேருக்குத்தான், பாரபட்சம்னு கத்தத் தோணும். ஆனா டிபார்ட்மென்ட் வாரியா பிரிச்சுப் பாத்தா பெரும்பாலான இடத்துல அப்படி ஒண்ணும் இல்ல, பெண்கள் சீட் கிடைக்கறதே கஷ்டமான டிபார்ட்மென்ட்டுகளுக்கு அதிகமா அப்ளை பண்ணியிருந்தாங்க, அதான் மொத்தக் கணக்க இழுத்துடுச்சு. 1975-ல சயின்ஸ் பத்திரிகைல வந்த கட்டுரை அது. கவனிச்சீங்கன்னா முதல் ஹெட்லைன விட ரெண்டாவது ஹெட்லைன்தான் சுவாரஸ்யம்.

இவ்வளவும் தாண்டி சனிக்கிழமை பூட்டு நின்னுச்சுன்னா, கிளையன்ட்ட கூப்பிட்டு சந்தோஷமா சொல்லுங்க. நிக்கலன்னா பேப்பர்ல அடுத்த வரி.

கேள்வி: 612 பேர்கிட்ட ஆன்லைன் சர்வே எடுத்தோம். அதுல 60 வயசுக்கு மேல வெறும் 41 பேர். அந்த 41 பேர்ல பாதிக்கு மேல எங்க ப்ராடக்ட்டுக்கு சாதகமா சொல்லியிருக்காங்க. "மூத்த குடிமக்கள்ல பாதிக்கு மேல"ன்னு ஹெட்லைன் போடணும்னு எம்.டி. அடம் புடிக்கிறார். போடலாமா?

கூடாது. எம்.டி. கிட்ட இத காட்டுங்க: குலுக்கல் மாதிரி ஆள் எடுத்த சரியான ரேண்டம் சாம்பிளா இருந்தாக்கூட, 1000 பேர்கிட்ட கேட்டா ஏறக்குறைய 3 சதவீதப் புள்ளி மேலயோ கீழயோ பிசகலாம், 100 பேர்னா 10 புள்ளி. 41 பேர்னா 15 புள்ளி வரைக்கும் ஆடும், அதாவது உங்க "பாதிக்கு மேல" உண்மைல நாப்பது சதவீதமாவும் இருக்கலாம், அறுபதத் தாண்டியும் இருக்கலாம். இதுல உங்களுது ஆன்லைன் சர்வே வேற, யார் கைல லிங்க் போச்சோ அவங்கதான் பதில் சொல்லியிருப்பாங்க, அதுலயும் உங்க கஸ்டமர் லிஸ்ட்டுக்கு அனுப்பியிருந்தா கேக்கவே வேணாம்.

சரி, ஆள் எண்ணிக்கைய ஏத்திட்டா பிரச்சின தீந்துடும்னு நினைச்சிடாதீங்க. 1936-ல அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு லிட்டரரி டைஜஸ்ட்னு ஒரு பத்திரிகை ஒரு கோடி பேருக்கு தபால் அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல பதில் வாங்கி, ரூஸ்வெல்ட்ட எதிர்த்து நின்ன லாண்டன்தான் ஜெயிப்பார்னு அடிச்சு சொன்னுச்சு. ரூஸ்வெல்ட் 48 மாநிலத்துல 46-ஐ அள்ளிட்டார். அட்ரஸ் எடுத்தது டெலிபோன் லிஸ்ட், கார் ரெஜிஸ்ட்ரேஷன் மாதிரி இடங்கள்ல இருந்து, அந்த பொருளாதார மந்த காலத்துல போனும் காரும் வெச்சிருந்தவங்க யாருன்னு யோசிச்சுக்குங்க. அவங்கள விட ரொம்ப ரொம்ப சின்ன சாம்பிள வெச்சுக்கிட்டு கருத்துக்கணிப்பு எடுத்த ஜார்ஜ் காலப் சரியா சொன்னார். ரெண்டு வருஷத்துல அந்த பத்திரிகையே மூடிடுச்சு.

உங்க எம்.டி.க்கு ஒரு நடு வழி: 612 பேரும் சேந்து சொன்ன பதில்ல ஏதாவது எதிர்பாராதது இருக்கான்னு தேடுங்க, இருந்தா அத ஹெட்லைனாக்குங்க, 41 பேர் விஷயம் மூணாவது பாராவுல "சிறிய எண்ணிக்கை" அப்படிங்கற குறிப்போட வரட்டும். இன்னொண்ணு, அடுத்த சர்வேக்கு கேள்வி எழுதும்போதே என்ன விடை வந்தா நியூஸ், என்ன வந்தா நியூஸ் இல்லன்னு யோசிச்சு எழுதுங்க. எந்தப் பக்கம் விடை வந்தாலும் படிக்கத் தோணுற மாதிரி கேள்விதான் நல்ல சர்வே கேள்வி, "எங்க சேவை உங்களுக்கு பிடிச்சிருக்கா" கேள்விலருந்து எந்தக் காலத்துலயும் நியூஸ் வராது.

கேள்வி: "இரண்டு மடங்கு உயர்வு"ன்னு போட்டா கிளிக் வருது. கணக்கும் தப்பில்ல. இதுல என்ன தப்பு?

கணக்கு தப்பில்லங்கறதுதான் இதுல ஆபத்தே. 1995 அக்டோபர்ல பிரிட்டன்ல மருந்து பாதுகாப்பு கமிட்டி, புது வகை கருத்தடை மாத்திரைல ரத்தக்கட்டு வர்ற ஆபத்து ரெண்டு மடங்குன்னு எச்சரிக்கை விட்டாங்க. உண்மைதான். ஆனா ரெண்டு மடங்குன்னா எதுலருந்து எதுக்கு? பழைய மாத்திரைல ஏறக்குறைய 7000 பேர்ல ஒருத்தருக்கு, புதுசுல 7000 பேர்ல ரெண்டு பேருக்கு. அந்த 7000-த்த யாரும் சொல்லல. பெண்கள் பயந்து மாத்திரையையே நிறுத்திட்டாங்க, மறு வருஷம் இங்கிலாந்து, வேல்ஸ்ல கருக்கலைப்பு சுமார் 13,000 கூடிப்போச்சுன்னு கணக்கு போட்டிருக்காங்க. உங்க கிளையன்ட் மாத்திரை விக்கலன்னாலும் பழக்கம் ஒண்ணுதான், மடங்கு எழுதுற இடத்துல எல்லாம் பக்கத்துலயே அசல் எண்ண எழுதிடுங்க. எழுதினதும் ஸ்டோரி சப்புன்னு போச்சுன்னா, அது முன்னாடியே சப்புன்னுதான் இருந்துச்சுன்னு அர்த்தம்.

ஆவரேஜும் இதே கேஸ்தான். பத்து பேர் இருக்க ரூம்ல ஒரு கோடீஸ்வரர் நுழைஞ்சா ஆவரேஜ் சம்பளம் எகிறிடும், யார் பாக்கெட்லயும் ஒரு காசு ஏறியிருக்காது. சம்பளம், செலவு, காத்திருந்த நேரம் இந்த மாதிரி விஷயத்துக்கெல்லாம் வரிசையா அடுக்கி நடுவுல நிக்குற மீடியன எடுங்க.

கேள்வி: நாங்க ரொம்ப சின்ன கம்பெனி. பெரிய கம்பெனி மாதிரி கோடிக்கணக்குல டேட்டா எங்களுக்கு ஏது?

கோடி தேவையே இல்ல, வேற யார் ஷீட்லயும் இல்லாத ஒரு டேட்டா காலம் இருந்தா போதும். பேக்பிளேஸ்னு ஆன்லைன்ல பேக்கப் எடுத்து வைக்கிற கம்பெனி இருக்கு, அவங்களுக்கு ஹார்டு டிஸ்க் கெட்டுப்போறது தினசரி தலைவலி. 2014-லருந்து எந்த பிராண்டு, எந்த மாடல் டிஸ்க் எவ்வளவு சீக்கிரம் புட்டுக்குதுன்னு வெளில விட ஆரம்பிச்சாங்க, இப்ப மூணு மாசத்துக்கு ஒரு ரிப்போர்ட் வருது, ரா டேட்டாவையும் யார் வேணா எடுத்துக்கலாம்னு வெச்சிருக்காங்க. டிஸ்க் பண்ற கம்பெனி இத எல்லாம் வாய தொறந்து சொல்லுமா? அதனால டெக் ரிப்போர்ட்டருங்க ஒவ்வொரு தடவையும் எழுதுறாங்க. உள்ளுக்குள்ள குப்பைன்னு நினைச்ச ரெக்கார்டு வெளில ஆளுக்கு பொக்கிஷம். உங்க சர்வீஸ் டீமோட கம்ப்ளைன்ட் ரெஜிஸ்டர், ரிட்டர்ன் ஆன காரணம், வெப்சைட்ல ஜனங்க தேடி கிடைக்காம போன வார்த்தைங்க, இதெல்லாம் போய் பாருங்க. தேடி கிடைக்காத வார்த்தை லிஸ்ட் எனக்கு ரொம்ப பிடிச்ச ஒண்ணு, ஏன்னா ஜனங்க சர்வேல பொய் சொல்வாங்க, தேடுற பெட்டில சொல்ல மாட்டாங்க.

அதுவும் இல்லன்னா அரசாங்கம் வெளியிடற புள்ளிவிவரம் இருக்கு, சென்சஸ், போக்குவரத்து, வானிலை எல்லாம். அதோட உங்களோட சின்ன டேட்டாவ சேத்துப் பாருங்க. தனித்தனியா ரெண்டும் போர், சேந்தா ஒரு கேள்வி பொறக்கும்.

இன்னொரு வழி, ஒரே விஷயத்த வருஷா வருஷம் அளக்கறது. எகனாமிஸ்ட் பத்திரிகை 1986-ல அரை விளையாட்டா ஆரம்பிச்ச பிக் மேக் இன்டெக்ஸ், ஒரே பர்கரோட விலைய நாட்டுக்கு நாடு ஒப்பிட்டு எந்த கரன்சி மதிப்பு ஏறியிருக்கு இறங்கியிருக்குன்னு சொல்றது, இன்னிக்கு வரைக்கும் ஓடுது. முதல் வருஷம் உங்கள யாரும் கண்டுக்க மாட்டாங்க, மூணாவது வருஷம் போன வருஷத்தோட ஒப்பிட ரிப்போர்ட்டரே கேட்டு வாங்குவார். ஆனா நடுவுல அளக்கற முறைய மாத்திடாதீங்க, மாத்தினா எல்லாம் போச்சு.

கேள்வி: "வருஷத்துலயே சோகமான நாள் இதுதான்" மாதிரி ஒரு ஃபார்முலா போட்டு ஒரு ப்ரொஃபசர் பேர சேத்து விட்டா பெரிய கவரேஜ் வருதே?

வருது. 2005-ல பிரிட்டன்ல ஒரு டிராவல் டிவி சேனல் பிரஸ் ரிலீஸா விட்டது அந்த "ப்ளூ மண்டே", ஜனவரி மூணாவது திங்கள், வானிலை, கடன், கிறிஸ்துமஸ் முடிஞ்சு எத்தன நாள்னு எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சு ஒரு ஃபார்முலா. மனச்சோர்வ அப்படி ஃபார்முலால எவனும் அளக்க முடியாது, சும்மா எழுத்து. இருபது வருஷமா ஒவ்வொரு ஜனவரியும் செய்தி வருது, கூடவே இது டுபாக்கூர்னு சைக்காலஜி ஆளுங்க எழுதுறதும் வருது. உங்க கிளையன்ட்டுக்கு அந்த ரெண்டாவது வகை செய்தி பரவாயில்லன்னா போங்க, நான் வரல.

கேள்வி: ஷீட்ட ஒரு ஏ.ஐ. சாட்பாட்ல போட்டா அதுவே ஸ்டோரி எடுத்து குடுத்துடாதா?

இருபது ஹெட்லைன் குடுக்கும், பதினெட்டு "திங்கக்கிழமை ஆர்டர் அதிகம்". ஷீட்ல காலம் பேரு குழப்பமா இருந்தா தானா ஒரு அர்த்தம் கற்பிச்சுக்கும், ட்ராப்டவுன்ல முதல் ஆப்ஷன் என்னன்னு அதுக்கு யாரு சொன்னா? டேட்டா கிளீன் பண்ண, ஃபார்முலா எழுத, நீங்க எழுதின பத்து நம்பிக்கைய வேகமா செக் பண்ண வெச்சுக்குங்க, வர்ற ஒவ்வொரு நம்பரையும் கைல ஒரு தடவை கணக்கு போட்டுப் பாருங்க. கஸ்டமர் பேரு, போன் நம்பர் இருக்க ஷீட்ட கிளையன்ட் சம்மதம் இல்லாம எதுலயும் ஏத்தாதீங்க.

கேள்வி: யூசர் டேட்டாவ வெச்சு ஜாலியா கேம்பெய்ன் பண்ண ஆசை. எங்க வரைக்கும் போகலாம்?

2016 முடியறப்போ ஸ்பாட்டிஃபை ஊரெல்லாம் போர்டு வெச்சாங்க, காதலர் தினத்தன்னிக்கு மன்னிப்பு கேக்குற பாட்ட 42 தடவை கேட்ட அன்பருக்கு, என்னப்பா பண்ணித் தொலச்சீங்கங்கற மாதிரி. ஊரே சிரிச்சுது. அடுத்த வருஷம் டிசம்பர்ல நெட்ஃப்ளிக்ஸ், ஒரு கிறிஸ்துமஸ் படத்த 18 நாளா தினமும் பாத்த 53 பேர பாத்து உங்கள யாரு காயப்படுத்தினாங்கன்னு ட்வீட் போட்டாங்க, கொஞ்சம் பேர் சிரிச்சாங்க, கொஞ்சம் பேர் "எங்கள வேவு பாக்குறீங்களா"ன்னு கொதிச்சாங்க. ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல பாருங்க, என் கணிப்பு என்னன்னா முதல்ல கிண்டல் செயல் மேல, ரெண்டாவதுல ஆள் மேல.

இது மானம் போற விஷயம் மட்டும். உயிர் போற விஷயமும் இருக்கு. ஸ்ட்ராவாங்கற உடற்பயிற்சி ஆப் 2017 நவம்பர்ல, ஓடுறவங்க சைக்கிள் ஓட்டுறவங்க போன பாதையெல்லாம் சேத்து உலக மேப் ஒண்ணு விட்டாங்க, நூறு கோடி ஆக்டிவிட்டி, யார் பேரும் கிடையாது, பாக்க அவ்வளவு அழகு. 2018 ஜனவரில ஒரு மாணவர் கவனிச்சு சொல்றார், சிரியா, ஆப்கானிஸ்தான் மாதிரி இருட்டா இருக்க இடத்துல நடுவுல தனியா மின்னுறதெல்லாம் ராணுவ முகாம், சிப்பாய்ங்க ஜாகிங் போற ரூட்டு உள்பட. பேர எடுத்துட்டா ஆள் மறைஞ்சிடும்ங்கறது கிடையாது, கூட்டமே இல்லாத இடத்துல ஒருத்தர் தனியா தெரிவார். அதனால ஊர், வயசு, நேரம்னு பிரிச்சிட்டே போறப்போ ஒரு கட்டத்துல ஆள் எண்ணிக்கை ரொம்ப சின்னதாச்சுன்னா அந்த வரிய வெளியிடாதீங்க. எவ்வளவு சின்னதுன்னு கிளையன்ட்டோட லீகல் டீம வெச்சு முன்கூட்டியே ஒரு எண்ண முடிவு பண்ணிக்குங்க, சூடான ஸ்டோரி கைல இருக்கறப்போ அந்தப் பேச்ச ஆரம்பிச்சா எல்லாரும் தளந்துடுவாங்க.

கேள்வி: நல்ல ஸ்டோரிதான், நம்பரும் பக்கா. ஆனா எந்த ரிப்போர்ட்டரும் பதிலே போடல.

உங்க மெயில் தலைப்ப நீங்க அனுப்பியிருந்ததால பாத்தேன்: கம்பெனி பேரு, "தனது முதல் விரிவான ஆய்வறிக்கையை வெளியிடுகிறது". கண்டுபிடிச்சது என்னன்னு தலைப்புல ஒரு எழுத்து இல்ல. மேல சொன்ன கற்பனை உதாரணத்துல "சனிக்கிழமை காலைதான் அதிக வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன: ஒரு வருட டெலிவரி டேட்டா"ன்னு வர்ற மாதிரி, கண்டுபிடிப்பே தலைப்பா இருந்திருந்தா திறந்திருப்பாங்க. மெயில்ல முதல் வரி கண்டுபிடிப்பு, ரெண்டாவது வரி எத்தன ரெக்கார்டு எந்த தேதிலருந்து எந்த தேதி வரைக்கும், மூணாவது வரி யார்கிட்ட பேசலாம், கீழ டேபிளோட லிங்க். கம்பெனி வரலாறு கடைசில. ரிப்போர்ட்டர் ஊர் வாரியா எழுதுறவர்னா அவர் ஊர் நம்பர தனியா எடுத்து அவருக்கு மட்டும் ஒரு மெயில், இது வேலை அதிகம்தான், ஆனா பலன் இருக்கு.

அடுத்தது நேரம். 2014 ஆகஸ்ட் 24 விடியக்காலைல கலிஃபோர்னியால நாபா பக்கம் 6.0 அளவு நிலநடுக்கம். கைல கட்டுற தூக்கப் பட்டை வித்த ஜாபோன் கம்பெனி உடனே ஒரு சார்ட் விட்டாங்க, 3:20-க்கு மையத்துக்கு பக்கத்து ஊர்கள்ல பட்டை கட்டியிருந்தவங்கள்ல 93% பேர் முழிச்சிட்டாங்க, தூரம் போகப் போக கோடு தாழ்ந்துட்டே போகுது, 15 மைலுக்குள்ள இருந்தவங்கள்ல 45% பேர் அப்புறம் தூங்கவே இல்ல. உலகமே எடுத்துப் போட்டுச்சு. அதே சார்ட்ட ரெண்டு மாசம் கழிச்சு விட்டிருந்தா? டேட்டா அவங்ககிட்ட தினமும்தான் இருந்துச்சு, அன்னிக்குத்தான் ஜனங்க மனசுல அந்த கேள்வி இருந்துச்சு. உங்க டேட்டா எந்த மாதிரி சம்பவத்துக்கு பதில் சொல்லும்னு முன்னாடியே லிஸ்ட் போட்டு, கணக்கு எடுக்குற ஃபைல ரெடியா வெச்சிருங்க, சம்பவம் நடந்தப்புறம் அப்ரூவல் வாங்க ஓடினா முடிஞ்சுது கதை. ஒண்ணு மட்டும், ஆள் செத்த சம்பவம்னா வாய மூடிக்கிட்டு இருங்க.

கேள்வி: எம்பார்கோ (இந்த நேரத்துக்கு முன்னாடி வெளியிடாதீங்கங்கற நிபந்தனை) போட்டு பத்து பேருக்கு அனுப்பலாமா, இல்ல ஒருத்தருக்கே எக்ஸ்க்ளூசிவா குடுக்கலாமா?

டேபிள் பெருசா இருந்து, ரிப்போர்ட்டர் உக்காந்து தோண்ட நேரம் தேவைன்னா ஒருத்தருக்கு குடுங்க, அவர் நீங்க பாக்காத ஒண்ண கண்டுபிடிக்கவும் வாய்ப்பு இருக்கு. ஒரே ஒரு நம்பர்தான் ஸ்டோரின்னா எல்லாருக்கும் எம்பார்கோவோட அனுப்புங்க. ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி அவங்க எம்பார்கோவுக்கு ஒத்துக்கறாங்களான்னு கேட்டு பதில் வாங்கிடுங்க, கேக்காம மேல தேதி போட்டு அனுப்பிட்டு அவங்க மதிக்கலன்னு சண்டை போட முடியாது. தேதியோட மணி எழுதறப்போ எந்த நாட்டு நேரம்ங்கறதையும் சேத்து எழுதுங்க.